மைக்கா மேசைக்குச் சுண்ணாம்பு

சென்ற மாதம் ஒரு பஞ்சாயத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். தமிழாசிரியனைத் தெருவில் உள்ளவர்கள் தேடி வருவது பெரும்பாலும் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதோ, அழைப்பிதழில் ஒற்று மிகுமா மிகாதா என்ற ஐயம் எழும்போதோதான். இம்முறை வழக்கு ஒரு மேசையைப் பற்றியது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். எண்பதுகளின் நடுவில், தொழிற்பயிற்சிச் சான்றிதழ் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவர். வேலை நிரந்தரமான ஆண்டில் ஆசாரி ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து மேசை ஒன்று செய்துகொண்டார். பிளைவுட் பலகையின் மேல் தேக்கு வரி போட்ட மைக்கா. அந்த மேசையில் அமர்ந்து படித்த மகள் இப்போது எல்லைக்கு அப்பால் எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரிகிறாள். ஒரு சனிக்கிழமை அவள் 'சாக் பெயிண்ட்' டப்பா ஒன்றோடும் இரண்டு தூரிகைகளோடும் வந்து இறங்கினாள். பழைய மைக்கா சாமான்களை அந்த வண்ணத்தால் புதிதாக்கிவிடலாம் என்று காணொளிகளில் பார்த்திருக்கிறாள். தகப்பனார் மேசையைத் தொடவிடவில்லை.

"ஓரமெல்லாம் பேந்துபோய்க் கெடக்கு சார். தூக்கிப் போடவும் விடமாட்டேங்கிறாங்க, பெயிண்ட் அடிக்கவும் விடமாட்டேங்கிறாங்க" என்றாள் மகள்.

"தேக்கு மாதிரி இருக்கணும்னு சொல்லித்தான் சார் செஞ்சேன். அது மேல சுண்ணாம்பு அடிக்கிறதுக்கா? நீங்களே சொல்லுங்க" என்றார் தகப்பனார்.

அன்று நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த வழக்கு என்னை விடவில்லை. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயங்கள் ஒரு மேசையைவிடப் பெரியவையாகத் தோன்றின. அவற்றை எழுதிப் பார்ப்பதே இக்குறிப்பின் நோக்கம்.

*

முதலில் மைக்கா என்ற சொல்லைப் பார்ப்போம். தொழில் புத்தி, சொல்லிலிருந்துதான் எதையும் தொடங்க முடிகிறது.

மைக்கா என்பது ஒரு கனிமம். தமிழில் அப்பிரகம் என்பர். மக்கள் வழக்கில் காக்காய்ப்பொன். ஏடு ஏடாகப் பிரியும், மின்னும், பொன் அல்ல. மின்சாரத்தைக் கடத்தாத அதன் தன்மை காரணமாக மின்கருவிகளில் அதைப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். 1907இல் லியோ பேக்லண்ட் என்ற பெல்ஜிய வேதியியலாளர் அமெரிக்காவில் பேக்கலைட் என்ற செயற்கைப் பிசினை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரு பொறியாளர்கள், அவ்வகைப் பிசினில் அடுக்குகளை ஊறவைத்து அழுத்தி, மின்காப்புக்கு மைக்காவின் இடத்தில் வைக்கத்தக்க ஒரு தகட்டைச் செய்தார்கள். 1913இல் தனி நிறுவனமும் தொடங்கினார்கள். 'மைக்காவுக்காக', அதாவது மைக்காவுக்குப் பதிலாக என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரே சுருங்கி 'ஃபார்மைக்கா' ஆயிற்று. பின்னாளில் அதே தகட்டின் மேல், மரத்தின் வரிகளையோ பூக்களையோ அச்சிட்ட தாளை மெலமைன் பிசினில் தோய்த்து ஒட்டினார்கள். மின்கருவிக்குள் இருந்தது கூடத்துக்கு வந்தது.

நம் நாட்டில் 'சன்மைக்கா' என்ற வணிகப்பெயர் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. ஆசாரிகள் அதையும் சுருக்கி மைக்கா என்கிறார்கள். ஆக, மைக்கா என்று நாம் சொல்லும் பொருளில் மைக்கா கிடையாது. காக்காய்ப்பொன்னே போலிப் பொன். அதற்குப் போலியாக வந்தது இந்தத் தகடு. அதன் மேல் இருக்கும் தேக்கோ மரமன்று, மரத்தின் படம். ஒரு மில்லிமீட்டர் கனத்தில், எட்டடிக்கு நாலடித் தாளில், மூன்று வேடங்கள்.

இதைச் சொல்லி மைக்காவை இழிவு செய்வது எளிது. இலக்கியம் படித்தவர்களுக்கு அந்த வழக்கம் உண்டு. 'அசல்', 'மண்', 'வேர்' என்றெல்லாம் எழுதிக்கொண்டே வந்த நமக்கு, மைக்கா ஒட்டிய மேசை ரசனைக் குறைவின் சின்னம். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் வருணிக்கப்படும் இடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நானும் இப்படித்தான் பேசி வந்திருக்கிறேன். அந்தக் கட்டிலின் தந்தம் எந்த யானையுடையது, அதற்கு வயது எத்தனை, அது எவ்வாறு இறந்தது, தச்சன் உளியால் எப்படிச் செதுக்கினான் என்பனவெல்லாம் பாட்டில் வருகின்றன. நாற்பது வயது நிரம்பி, போரில் பட்ட யானையின் தந்தம் அது. பொருளுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு இருந்த காலம் என்று சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டு மைக்கா மேசைக்கு இப்படி ஏதாவது உண்டா?" என்று மாணவர்களைக் கேட்பேன். அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே கேட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் வகுப்பில் இருந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் இருந்தது மைக்கா மேசைதான்.

*

ஓசூரின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் மைக்காவின் மதிப்பு வேறாகத் தெரியும்.

எழுபதுகளில் சிப்காட் இங்கே தொழிற்பேட்டையை அமைக்கத் தொடங்கியது. 1980இல் அசோக் லேலண்ட் வந்தது; அதே ஆண்டில் டி.வி.எஸ்.-50 வண்டி இங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. 1984இல் தொடங்கப்பட்ட டைட்டன் நிறுவனம் தன் கடிகார ஆலையை இங்கே நிறுவியது. தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் இந்த எல்லையூரில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குப் பரம்பரைச் சாமான் என்று எதுவும் இல்லை. ஊரில் பெரிய வீட்டுத் திண்ணையில் தேக்கு நாற்காலியைப் பார்த்திருப்பார்கள். அதில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மாதச் சம்பளம் வந்ததும் முதலில் வாங்கியவற்றுள் ஒன்று மைக்கா ஒட்டிய மேசை, அல்லது 'ஷோகேஸ்'. அதில் தேக்கின் படம்தான் இருந்தது. ஆனால் அந்தப் படம் அதுவரை அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

போலி என்று நாம் சொல்வதை அவர்கள் போலி என்று அறியாமல் வாங்கவில்லை. நன்றாக அறிந்தே வாங்கினார்கள். ஈரத்துணியால் துடைத்தால் பளபளக்கும், குழந்தை மை கொட்டினாலும் கறை நிற்காது, கரையான் மேற்பரப்பைத் தொடாது, சம்பளத்துக்குள் அடங்கும். மைக்கா நம் கீழ்நடுத்தட்டு வீடுகளுக்குள் வந்த முதல் பளபளப்பு. அந்தப் பளபளப்பை மறைத்துவிடு என்று ஒருவரிடம் சொல்லும்போது அவர் வாழ்வில் எதை மறைக்கச் சொல்கிறோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

தகப்பனாரின் தரப்பு இது. சுண்ணாம்பு என்ற சொல்லை அவர் அத்தனை கசப்போடு சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நம் வழக்கில் நல்ல மரத்துக்குப் பாலிஷ். வண்ணம் பூசுவது நாட்டு மரத்துக்கும் பழுதான மரத்துக்கும்தான். அலுவலகத்துப் பச்சை ஸ்டூலும், சத்துணவுக்கூடத்து நீலப் பெட்டியும் நினைவுக்கு வரும். வண்ணம் ஏழை மரத்தின் ஆடை. ஏழை மரத்திலிருந்து மைக்காவுக்கு ஏறி வந்தவரை மறுபடியும் வண்ணத்துக்கு இறங்கச் சொல்கிறாள் மகள்.

*

மகளின் தரப்புக்கு வருவோம்.

சாக் பெயிண்ட் என்ற பெயரில் இவ்வண்ணத்தை 1990இல் அறிமுகப்படுத்தியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன். சுண்ணக்கட்டியைப் போன்ற மங்கலான, பளபளப்பற்ற தோற்றம் தருவதால் அப்பெயர். கரும்பலகைக்கு அடிக்கும் வண்ணத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேறு, இது வேறு. அடர்த்தியாக இருப்பதால் பெரிய முன்னேற்பாடு இன்றிப் பழைய பரப்புகளின் மேல் ஒட்டிக்கொள்ளும் என்பதே இதன் சிறப்பாகச் சொல்லப்படுவது. மேலே மெழுகோ வார்னிஷோ பூசி முடிக்க வேண்டும்.

நமக்கு இது முற்றிலும் புதியதா? வீட்டில் பொங்கலுக்கு முன் பொடி டிஸ்டெம்பர் கரைத்த நினைவு உள்ளவர்கள் சற்று யோசித்துப் பார்க்கட்டும். சுண்ணத்தூள், பசை, நிறப்பொடி. இம்மூன்றும் சேர்ந்ததே பழைய டிஸ்டெம்பர். சாய்ந்தால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் என்று நாம் கைவிட்ட அதன் ஒன்றுவிட்ட உறவினன்தான், பசைக்குப் பதில் நல்ல பிசினோடு, சிறு டப்பாவில், பல மடங்கு விலையில் திரும்பி வந்திருக்கிறான். இன்னும் பின்னால் போனால் தஞ்சாவூர் ஓவியம். பலாப் பலகையில் துணியை ஒட்டி, சுண்ணத்தூளும் கோந்தும் குழைத்துப் பூசி, அதைத் தேய்த்து வழவழப்பாக்கிய பின்பே ஓவியன் கோடு போடத் தொடங்குவான். மரத்தின் மேல் சுண்ணம் பூசுவது நம் கைக்குப் பழகிய வேலை. நெடுநல்வாடையின் அரண்மனையிலும் வெள்ளியைப் போல் ஒளிரும் சுதை வருகிறது. சுண்ணாம்பு ஏழைகளுக்கு மட்டும் உரியதாக எப்போதும் இருந்ததில்லை.

மரச்சாமானுக்கு நிறம் என்பதும் அந்நியமன்று. ஓசூரிலிருந்து பெங்களூரைக் கடந்து மைசூர்ச் சாலையில் சென்றால் சென்னபட்டணம். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அரக்கை அதன் மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறுகிறது. பிறகு தாழை இனத்து ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பொம்மைகளைப் பார்த்து எவரும் 'மலிவான மரத்தை மறைத்துவிட்டார்கள்' என்று சொல்வதில்லை.

ஆனால் மகளின் தரப்பில் நான் கண்ட வலுவான நியாயம் அழகு பற்றியதன்று. அந்த மேசையைத் தூக்கிப் போட முடியாது என்பதுதான் அது.

தேக்கு மேசை பழுதானால் நாற்காலி ஆகும். நாற்காலி பழுதானால் மணை ஆகும். மணை பழுதானால் அடுப்புக்குப் போகும். இரும்புக்கு எடைக்கடை உண்டு. மைக்காவுக்கு எதுவும் இல்லை. அதிலுள்ள பிசின் ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் மறுபடி உருகாது. வெந்த இட்லி மீண்டும் மாவாகாதது போல. உருக்கி வேறு பொருள் செய்ய வழியில்லை. மண்ணில் புதைத்தால் எளிதில் மக்காது. எரித்தால் ஃபார்மால்டிஹைடு முதலிய நச்சு வாயுக்கள் வரும். ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியிருக்கிறது. நாமோ போகியன்று விடியற்காலையில் பழைய மைக்காப் பலகையைத் தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டு, குழந்தைகளைச் சுற்றி நிற்க வைத்துப் பறை கொட்டச் சொல்கிறோம்.

போகிக்கு நாம் மேற்கோள் காட்டும் நன்னூல் நூற்பா உண்மையில் மொழியைப் பற்றியது. சில சொற்கள் வழக்கொழிவதும் சில சொற்கள் புதிதாக வருவதும் குற்றமில்லை என்று பவணந்தியார் இலக்கணத்துக்குச் சொன்ன அமைதி அது. வீட்டுச் சாமானைக் கொளுத்துவதற்கு அவர் அனுமதி எதுவும் தரவில்லை. நன்னூலைச் செய்வித்தவனாகப் பாயிரம் குறிக்கும் சீயகங்கன், கங்கர் மரபினன். அக்கங்கரின் பழைய தலைநகரான கோலார் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லைக்கு அப்பால், கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி இருக்கிறது. நூலின் மேல் நமக்கு அக்கம்பக்கத்து உரிமை உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்: மைக்காவைப் பொறுத்தவரை பழையது கழிவதில்லை. கழிக்க இடமில்லை. அதை வைத்துக்கொண்டுதான் வாழ வேண்டும். வைத்துக்கொண்டு வாழ்வதென்றால், கண்ணுக்கு இனியதாக ஆக்கிக்கொள்ள ஒரு வழி வேண்டும். அந்த வழிகளில் ஒன்றாக அரை டப்பா வண்ணம் இருக்குமானால் நான் அதை வரவேற்கிறேன்.

பெங்களூரின் அடுக்ககங்களில் வீடு மாறும்போதெல்லாம் கழித்துக் கட்டப்படும் சாமான்களில் ஒரு பகுதி எங்கள் ஊர்ப் பழைய சாமான் கடைகளுக்கு வருகிறது. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகைகள் அவை. ஒரு மழையில் நனைந்தால் ஊறிய அப்பம் போல் உப்பிவிடும். அவற்றோடு ஒப்பிட்டால், எண்பதுகளில் ஆசாரி பிளைவுட்டில் செய்த மேசை யானை. மேற்பரப்பு பழசாகிவிட்டது என்பதற்காக அந்த யானையைக் கைவிடுவது ஊதாரித்தனம்.

*

இவ்வளவும் சொல்லிவிட்டு, மகள் காட்டிய காணொளிகளோடு எனக்குள்ள கருத்து வேறுபாட்டையும் பதிவு செய்ய வேண்டும்.

அவற்றில் பெரும்பாலானவற்றில் வண்ணம் காய்ந்ததும் ஒரு வேலை செய்கிறார்கள். உப்புத்தாளை எடுத்து ஓரங்களில் தேய்த்து, அங்கங்கே வண்ணத்தைப் பெயர்த்து, பல தலைமுறை கண்ட பண்டம் போல ஆக்குகிறார்கள். 1989இல் அமெரிக்காவின் சாண்டா மோனிகாவில் ரேச்சல் ஆஷ்வெல் தொடங்கிய கடையின் வழியாகப் புகழ்பெற்ற பாணி இது. நைந்த அழகு என்று சொல்லலாம். அங்கே பழைய மாளிகைகளின் சாமான்களை நினைவூட்டுவதால் அதற்கு ஒரு பொருள் இருக்கலாம். பழமையைச் செயற்கையாக உண்டாக்கி ரசிப்பது, பரம்பரையாகப் பண்டங்கள் உடையவர்களின் விளையாட்டு. நாற்பதாண்டு உழைத்த ஒருவரின் மேசைக்குப் பொய்த் தேய்மானம் செய்வது எதற்கு? உண்மையான தேய்மானம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வண்ணத்தால் மூடிவிட்டு, அதன் மேல் இல்லாத தேய்மானத்தை வரைவது எனக்கு ஒப்பவில்லை. மைக்காவாவது தேக்கைப் போல் இருக்க ஆசைப்பட்டது. இது முதுமையைப் போல் இருக்க ஆசைப்படுகிறது.

இரண்டாவது, 'தேய்க்க வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே அடித்துவிடலாம்' என்ற வாக்குறுதி. ஓசூர் வண்டிகளின் ஊர். எங்கள் தெருமுனையில் இருக்கும் டிங்கரிங் பட்டறையில் வண்ணம் தெளிப்பவரிடம் இதைக் கேட்டேன். அவர் மைக்காவைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்: "மினுக்கு இருந்தா நிக்காது சார். கொஞ்சம் கீறி விடணும்." அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. மரத்துக்குத் துளை உண்டு, வண்ணம் உள்ளே இறங்கும். மைக்காவுக்குத் துளை இல்லை. மேற்பரப்பைப் பற்றிக்கொண்டுதான் வண்ணம் நிற்க வேண்டும். பற்றுவதற்கு ஏதாவது வேண்டும். ஆகவே முதலில் சோப்பு நீரால் பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். உலர்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் மெல்லத் தேய்க்க வேண்டும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு. தூசியைத் துடைத்து, வழுக்குப் பரப்புக்கென்று விற்கும் பிரைமர் ஒரு பூச்சு. அதன் பின்பே வண்ணம், மெல்லிய பூச்சாக இரண்டு அல்லது மூன்று. ஒரு மணி நேரத்தில் கையில் ஒட்டாது. ஆனால் முற்றிலும் இறுக மூன்று நான்கு வாரங்கள் ஆகும். டப்பா விலை மிகுதி என்பவர்கள், பாரிஸ் சாந்து ஒரு பங்கைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நீரில் கரையும் எமல்ஷன் வண்ணம் மூன்று பங்கோடு கலந்தும் பார்க்கலாம். சாந்து விரைவில் இறுகும். அவ்வப்போது வேண்டிய அளவு மட்டுமே கலக்க வேண்டும். நாங்கள் வகுப்பில் எழுதும் சாக்பீஸும் பெரும்பாலும் சுண்ணாம்பன்று. பாரிஸ் சாந்து பிறக்கும் அதே ஜிப்சம். வாழ்நாளெல்லாம் கையில் ஒட்டிய பொருள் என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு பிரியம்.

ஏற்கெனவே பழைய எனாமல் அடித்த சாமானாக இருந்தால் தேய்ப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தின் தூசியைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கவிடக் கூடாது.

மூன்றாவது, இந்தக் காணொளிகளில் எங்கும் ஒரு தொழிலாளி இல்லை. ஆசாரி இல்லை, பெயிண்டர் இல்லை. ஒரு வீட்டுக்காரர், ஒரு தூரிகை, ஓர் இசை. நம் கையால் நாமே செய்வதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கால் ஆடும் மேசைக்கு முதலில் வேண்டியது வண்ணமன்று, ஆப்பு. அதை அறிந்தவர் இன்னும் நம் ஊரில் இருக்கிறார். கூப்பிடுவோர் இல்லாமல் கட்டட வேலைக்குக் கதவு மாட்டப் போய்க்கொண்டிருக்கிறார். பழுது பார்த்தல் என்ற பண்பாடு நிலைக்க வேண்டுமானால் டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்தக் கைக்கும் போக வேண்டும் என்பது என் துணிபு.

*

இந்த எண்ணங்களோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துக்குத் திரும்பினேன். நான் சொன்ன சமரசம் இது: மேல்பலகை அப்படியே இருக்கட்டும். சூடான டம்ளரும் தினசரி ஈரத்துணியும் படும் இடத்தில் இந்த வண்ணம் நெடுநாள் நிற்காது, மைக்கா நிற்கும். நாற்பதாண்டு நின்றிருக்கிறது. கால்கள், பக்கவாட்டு, இழுப்பறை முகங்கள், அதாவது பெயர்ந்தும் வெளுத்தும் போன இடங்கள், மகளுடைய வண்ணத்துக்கு. பெயர்ந்த ஓரப்பட்டைகளை ஆசாரி வந்து ஒட்டிக் கொடுப்பார். பொய்த் தேய்மானம் கிடையாது.

இரு தரப்பும் முழு மனதின்றி ஒப்புக்கொண்டன. நல்ல சமரசத்துக்கு அதுவே அடையாளம் என்று தேற்றிக்கொண்டேன்.

காலுக்கு ஆப்பு வைப்பதற்காக ஆசாரி மேசையைக் கவிழ்த்துப் போட்டார். மைக்கா ஒட்டாத அடிப்பக்கம் வெளியே தெரிந்தது. வெறும் பிளைவுட். அதில் தச்சுப் பென்சிலால் அளவுகள் எழுதியிருந்தன, அங்குலக் கணக்கு. ஓர் ஓரத்தில் கன்னட எழுத்தில் ஏதோ ஒரு சொல். தகப்பனாருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பெங்களூர்ப் பேருந்துப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றிருந்த மகள் குனிந்து படித்தாள். "கிடகி" என்றாள். சன்னல்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அப்போது குடியிருந்த வாடகை வீட்டில் ஒரே அறைதான். சன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்று அளவெடுத்துச் செய்தது. ஆசாரி ஆனேக்கல் பக்கத்துக்காரர். சன்னல் பக்கம் வர வேண்டிய ஓரத்தை மறந்துவிடாமல் இருக்கக் குறித்து வைத்திருக்கிறார். பின்னால் பிறக்கப்போகும் குழந்தை வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று இவர்தான் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்குத் திருமணம்கூட ஆகியிருக்கவில்லை.

வகுப்பில் மாணவர்களைச் சிரிக்க வைக்க நான் கேட்டுவந்த கேள்வி நினைவுக்கு வந்தது. இனி அதைக் கேட்க மாட்டேன். அல்லது கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மேசையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

மகள் அடிப்பக்கத்தில் தூரிகையை வைக்கவில்லை. கால்களுக்கும் இழுப்பறைக்கும் அவள் தேர்ந்தெடுத்த இளம்பச்சை நன்றாகவே இருக்கிறது. மேலே உள்ள தேக்கு வரியோடு சண்டை போடவில்லை. மூன்று வாரத்துக்கு இழுப்பறையை அடித்துச் சாத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். தகப்பனார் தினமும் மாலையில் விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.